பந்தயக் குதிரையின் இதயத் துடிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லாயத்தில் நிற்கும்போது என் குதிரைக்கு மூன்று நான்கு துடிப்புக்கு ஒருமுறை ஒன்று விட்டுப்போகிறது. ஓட்டலாமா?

நல்ல பயிற்சியில் இருக்கும் குதிரைகளிடம் இது சகஜம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான் துடிக்கும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி அப்போது பலமாக இருப்பதால், இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்தூண்டல் சில முறை கீழறைக்குப் போய்ச் சேராது. இரண்டாம் நிலை ஏ.வி. பிளாக் என்பது இதுதான். விட்டுப்போவது பெரும்பாலும் ஒரே கணக்கில் வரும். அந்த இடைவெளியில் மேலறை சுருங்கும் மெல்லிய ஒலி தனியாகக் கேட்கும். குதிரையைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு உடனே ஸ்டெதாஸ்கோப்பை வையுங்கள். துடிப்பு சீராகிவிட்டால் தாராளமாக ஓட்டலாம். ஓடிய பிறகும் விட்டுப்போனால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

பந்தயத்தின் பாதியில் திடீரென்று வேகம் விழுந்துவிட்டது. காலில் நொண்டல் இல்லை, மூச்சுக்குழாயும் சுத்தம். இதயக் கோளாறாக இருக்குமா?

முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தீனி தின்னும், துடிப்பு எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். முழு வேகத்தில் மேலறையின் உதவி இல்லாமல் கீழறை நிரம்பாது. ஈடுகட்ட துடிப்பு வரம்பு மீறி ஏறும்.

இடது முன்னங்காலைச் சற்று முன்னே நகர்த்தி, முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை நன்றாக உள்ளே தள்ளி, ஒரு நிமிடமாவது கேளுங்கள். எந்தக் கணக்குக்கும் அடங்காத இடைவெளிகள், மேலறை ஒலியே இல்லாமை, இவை இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஈசிஜியில் மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் பி அலைகள் இருக்காது. அடிக்கோடு நெளிநெளியாக ஓடும். இந்த ஈசிஜியை அன்றே எடுங்கள். பல குதிரைகளுக்கு இது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். மறுநாள் எடுத்தால் தடயமே இருக்காது. அதே காரணத்தால், இதயம் செயலிழக்கும் அறிகுறி இல்லாதவரை இந்த 48 மணி நேரத்தில் மருந்துக்கு அவசரப்படவும் வேண்டாம். ஓட்டம் மட்டும் நின்றாக வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தானாகச் சரியாகவில்லை. மருந்தா, மின்னதிர்ச்சியா?

எதற்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) பாருங்கள். இடது மேலறை வீங்கியிருந்தாலோ இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கசிந்தாலோ, சரிசெய்த பிறகும் கோளாறு திரும்பும் வாய்ப்பு அதிகம். ஓய்விலேயே துடிப்பு 60-ஐத் தாண்டினால் முதலில் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

வழக்கமான மருந்து குயினிடின் சல்ஃபேட். கிலோவுக்கு 22 மில்லிகிராம், அதாவது 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 11 கிராம், மூக்குவழிக் குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வாயில் நேரடியாகக் கொடுத்தால் புண்ணாகிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஈசிஜி கட்டாயம்: கீழறைத் தூண்டலைக் காட்டும் க்யூஆர்எஸ் அலையின் அகலம் ஆரம்ப அளவைவிட 25 சதவீதம் கூடினால் அதோடு நிறுத்த வேண்டும். வயிற்றுவலி, பேதி, மூக்குச் சவ்வு வீக்கம், தள்ளாட்டம் எல்லாம் வரக்கூடும். ஆகவே இது கால்நடை மருத்துவர் பக்கத்திலேயே நின்று செய்யும் வேலை. லாயத்து ஆட்களிடம் விட்டுவிடக் கூடாது. நான்கு வேளையில் பலிக்காவிட்டால் ஆறு மணி நேர இடைவெளிக்கு மாறுவது வழக்கம். மின்னதிர்ச்சி முறையில் கழுத்து நாளம் வழியாக இரண்டு கதீட்டர்களை (மெல்லிய குழாய்களை) செலுத்தி, ஒன்றை வலது மேலறையிலும் மற்றொன்றை நுரையீரல் தமனியிலும் நிறுத்தி, முழு மயக்கத்தில் அதிர்ச்சி கொடுப்பார்கள். பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மயக்கமும் அதிலிருந்து எழுவதும் குதிரைக்குத் தனி ஆபத்து.

பந்தயத்துக்கு முன் போடும் ஃபுரோசமைடு (சிறுநீர் பெருக்கி மருந்து) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குக் காரணமாகுமா?

சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றுவதால் துணைக்காரணம் ஆகலாம். ரத்தப் பொட்டாசியம் சரியாக இருந்தாலும் உடலில் குறைவு இருக்கலாம்.

ஓடி முடித்து வேகம் குறையும்போது துடிப்பு கன்னாபின்னாவென்று இருக்கிறது.

அந்த இறங்குமுகத்தில் ஒன்றிரண்டு ஒழுங்கற்ற துடிப்புகள் நலமான குதிரைகளுக்கும் வரும். உச்ச வேகத்தில் கீழறையிலிருந்து முந்திக் கிளம்பும் துடிப்புகள் ஜோடியாகவோ தொடராகவோ வந்தால் ஜாக்கியை ஏற்றக் கூடாது. ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கசியும் புரதம்) பார்த்து, இதயத் தசையில் காயம் உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். தீனியையும் சோதியுங்கள்: கோழி, மாட்டுத் தீவனங்களில் சேர்க்கும் மொனென்சின் சிறிதளவு கலந்தாலே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.