4294967297 பகா எண் இல்லையா? கேள்வி பதில்

2^32 + 1 = 4294967297. இது ஐந்தாம் ஃபெர்மா எண்; அதாவது 2^(2^n) + 1 என்ற வடிவில் n = 5 (n, 0-இலிருந்து தொடங்கும்). இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

கேள்வி: 641 எப்படி அகப்பட்டது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 65536; அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. அத்தனையையும் தொட வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் அதனால் வகுக்க, 2^32-க்கு மீதி −1, 2^64-க்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை 1-க்குத் திரும்பும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, காரணியில் 1 குறைத்து வருவதை அடுக்காக்கினாலும் 2-க்கு மீதி 1 வரும். ஆகவே காரணியில் 1 குறைத்தால் 64-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே வேலை முடிந்தது. பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1878-இல் அந்த 64-ஐ 128 ஆக்கினார்; 257, 641 மட்டுமே மிஞ்சும். 257 மூன்றாம் ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்கு 1 தவிரப் பொதுக் காரணி கிடையாது. மிச்சம் 641.

கேள்வி: சார், வகுக்காமலே 641 காரணி என்று நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியும், அழகான வழி. 641 = 5 × 2^7 + 1; 641 = 5^4 + 2^4. 641-ஆல் வகுக்க, முதலாவதன்படி 5 × 2^7-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். −2^32-க்கு மீதி 1 என்று வருகிறது; அதாவது 2^32 + 1-க்கு மீதி 0. அவ்வளவுதான்.

கேள்வி: என் மில்லர்–ராபின் (பகா எண்ணா என்று பார்க்கும் சோதனை) நிரல் 2-ஐ அடியாக வைத்தால் இதைப் பகா எண் என்கிறதே?

பதில்: நிரல் சரி, அடிதான் தவறு. ஒன்று குறைத்தால் 2^32. சோதனை அதன் ஒற்றைப்படைப் பகுதியை அடுக்காக வைத்துத் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போகும்; நடுவே −1 வந்தால் பகா எண் என்று விட்டுவிடும். இங்கே ஒற்றைப்படைப் பகுதி வெறும் 1. 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று ஐந்தே வர்க்கத்தில் −1 வந்துவிடும். எந்த ஃபெர்மா எண்ணும் இப்படித்தான் 2-இடம் தப்பிக்கும். அடியாக 3-ஐ எடுங்கள். ஃபெர்மா எண்களுக்கான பெப்பின் சோதனைப்படி 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் இந்த எண்ணால் வகுத்த மீதியை எடுத்தால், பகா எண்ணாக இருந்தால் மீதி 4294967296 (அதாவது −1) வர வேண்டும், வருவது 10324303.

கேள்வி: எனக்கு அதே சோதனையில் விடை ஏறுக்கு மாறாக வருகிறது. 64 பிட் மாறிதான் வைத்திருக்கிறேன்.

பதில்: சைன்டு (குறை எண்களையும் ஏற்கும்) மாறியாக இருக்கும். மீதி 3037000499-ஐத் தாண்டினாலே அதன் வர்க்கம் அதில் அடங்காது. அன்சைன்டு (குறை எண்களை ஏற்காத) மாறி போடுங்கள். அதிலும் ஓர் இடம் இடிக்கும்: மீதி சரியாக 2^32 ஆனால் வர்க்கம் 2^64, அது 0 ஆகிவிடும். −1 வந்ததா என்பதை வர்க்கப்படுத்தும் முன்பே பாருங்கள். 32 பிட் மாறியிலோ இந்த எண்ணே 1 ஆகிவிடும்.

கேள்வி: வகுத்திகளின் கூட்டுத்தொகை?

பதில்: வகுத்திகள் நான்கே. 642 × 6700418 = 4301668356.

கேள்வி: இத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையலாமா?

பதில்: முடியாது. பக்க எண்ணிக்கையின் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்ணாக இருக்க வேண்டும். 641 அப்படிப்பட்டதல்ல.