பெர்லின் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1900-களின் பெர்லினைப் பற்றிய உங்கள் கட்டுரையில் காபிக் கடைகளும் நாடக அரங்குகளும்தான் வந்தன. ஆலைத் தொழிலாளிகளுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததா? அவர்கள் எங்கே போனார்கள்?

– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இருந்தது, வாரத்தில் ஒரு நாள். 1891-இல் வந்த தொழில் சட்டத் திருத்தம் ஆலைகளுக்குப் பொதுவாக ஞாயிறு விடுமுறையைக் கட்டாயமாக்கியது. மற்ற ஆறு நாளும் ஏறக்குறைய பத்து மணி நேர வேலை.

அந்த ஒரு நாளின் அருமை தெரிய வேண்டுமென்றால் அவர்கள் குடியிருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தெருவோரக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முற்றம், அதற்கும் பின்னால் இன்னொரு கட்டடம், மறுபடி முற்றம். வெட்டிங் பகுதியின் 'மேயர்ஸ் ஹோஃப்' குடியிருப்பில் இப்படி ஆறு முற்றங்கள். 1853-ஆம் ஆண்டுக் கட்டட விதி முற்றத்துக்குக் கேட்டதெல்லாம் நீளமும் அகலமும் 5.34 மீட்டர், தீயணைப்பு வண்டி திரும்பினால் போதும் என்ற கணக்கு. வெயிலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஓர் அறையும் அடுப்படியும்தான் வீடு. வாடகைக்குக் கை போதாமல், வெளியாட்களுக்குப் படுக்கையை மட்டும் வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஏராளம்.

ஆகவே ஞாயிறன்று அவர்கள் முதலில் தேடியது காற்றை. புறநகர் ரயில் ஏறினால் குரூனவால்ட் காடு, வான்சே ஏரி. அங்கிருந்த தோட்ட உணவகங்களில் 'குடும்பங்கள் இங்கே காபி போட்டுக்கொள்ளலாம்' என்று பலகை தொங்கும். வீட்டிலிருந்து காபித்தூளும் கேக்கும் கட்டிக்கொண்டு போவார்கள். சில காசு கொடுத்தால் வெந்நீரும் கோப்பைகளும் மர நிழலில் ஒரு மேசையும் கிடைக்கும். புகழ்பெற்ற காபிக் கடைகள் எல்லாவற்றையும்விட இந்தப் பலகைதான் எனக்குப் பெரியது. பையில் காசில்லாத குடும்பமும் மாலைவரை தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்க அது இடம் கொடுத்தது.

ஏரியில் குளிக்கத்தான் தடை. திறந்தவெளிக் குளியல் ஒழுக்கக்கேடு என்று காவல்துறை விரட்டியது; மக்கள் விடாமல் இறங்கினார்கள். கடைசியில் அதிகாரிகள்தான் இறங்கிவர வேண்டியிருந்தது. 1907 மே மாதம் வான்சே கரையில் சுமார் 200 மீட்டர் தூரத்துக்குக் குளிக்க அனுமதி கிடைத்தது. வறுமையில் வளர்ந்த ஓவியர் ஹைன்ரிஷ் ஸில்லெ இந்த மக்களைத்தான் ஆயுள் முழுக்க வரைந்தார். தேடிப் பாருங்கள். தண்ணீரில் நிற்கும் பருத்த அம்மாக்களையும் அரைகுறை உடையில் ஓடும் பிள்ளைகளையும் அவர் துளியும் அழகுபடுத்தவில்லை, ஒருவரைக்கூடக் கேவலப்படுத்தவும் இல்லை.

அன்புடன்.