கிரியாட்டினின் ஏறினால் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. எச்.ஐ.வி.க்காகப் பல வருடமாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், வைரஸ் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. பழைய மாத்திரைக்குப் பதில் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை கொடுத்த பிறகு, 0.9 இருந்த கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு, ரத்த டெஸ்டில் பார்ப்பது) 1.1 ஆகிவிட்டது. இது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று மையத்துக்கு வரும் இன்னொருவர் சொன்னார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன், வேறு பழக்கம் எதுவும் இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: நிறுத்தவே கூடாது. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 5,472 பேரை வைத்து ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. 2006-ல் வந்த அதன் முடிவில், இதயம், கல்லீரல், சிறுநீரகத் தொல்லைகள் நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம். கட்டுப்பாடு இல்லாத வைரஸ் சிறுநீரகத்தின் செல்லுக்குள்ளேயே போய் உட்காரும், அதைத் தடுப்பதே இந்த மாத்திரைதான்.

சரி, 1.1 ஏன்? கிரியாட்டினின் சிறுநீருக்குள் போகும் வழிகளில் ஒன்றை டோலுடெக்ராவிர் கொஞ்சம் அடைக்கிறது, அதனால் முதல் சில வாரங்களிலேயே ரத்தத்தில் 0.1, 0.2 கூடி அப்படியே நின்றுவிடும். சிறுநீரகம் வடிகட்டும் வேலை இதனால் குறைவதில்லை. அடுத்தடுத்த டெஸ்டில் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது கால் வலியும் அந்த டைக்ளோஃபெனாக்கும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் டெனோஃபோவிர் என்ற மருந்தும் அநேகமாக இருக்கும். அது சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாதிக்கும், அப்போது உடம்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் சிறுநீரில் போய்விடும், எலும்பு பலவீனமாகி இடுப்பும் காலும் வலிக்கும். அந்த வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால், டெனோஃபோவிரும் அதுவும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்க வைத்த சம்பவங்கள் உண்டு. இன்றோடு அதை விட்டுவிடுங்கள். அவசியம் என்றால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. அப்புறம், மையத்து டாக்டரிடம் கால் வலியையும் மெடிக்கலில் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லி, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் பாஸ்பரஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை காட்டினால் அது நுண்குழாய் கெடுவதன் அடையாளம், அதை லேசாக விடக் கூடாது. அப்படி இருந்தால் டெனோஃபோவிருக்குப் பதில் அபகாவிர் போன்ற மாற்று மருந்து இருக்கிறது. மாற்றும் முன் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) டெஸ்ட் கட்டாயம், ஏனென்றால் டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கும், திடீரென்று எடுத்தால் மஞ்சள் காமாலை சீறிவிடும்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி., இப்போது டயாலிசிஸ் தேவை. ஒரு தனியார் மையத்தில் 'தனி மெஷின் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே போவது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, அவர்கள் சொன்ன காரணமே தவறு. தனி மெஷின் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத்தான் வேண்டும், எச்.ஐ.வி.க்கு எல்லா நோயாளிக்கும் எடுக்கும் அதே பாதுகாப்பு போதும். 10.9.2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதற்காகச் சிகிச்சை மறுப்பது தடை செய்யப்பட்ட பாகுபாடு, தனியாருக்கும் இது பொருந்தும். மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள். ஆனால் டயாலிசிஸ் அதுவரை காத்திருக்காது, இன்றே அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஏ.ஆர்.டி. மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள், சிறுநீரகம் வேலை செய்யாதபோது சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.