வெட்டிக் கொடுத்த குளிசையும் வெயிலில் வந்த இன்சுலினும்

வாசகர் கேள்வி – மருந்தாளர் பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 72. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். அங்கே இல்லாதவற்றை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தருகிறார்கள். நாங்கள் போகும் மருந்துக்கடையில் அட்டையை வெட்டி, சிறிய கடதாசி உறையில் போட்டு, 'காலை 1, இரவு 1' என்று மட்டும் எழுதுகிறார்கள். சென்ற மாதம் குளிசையின் நிறம் மாறியிருந்தது. கேட்டதற்கு 'எல்லாம் ஒரே மருந்துதான்' என்றார்கள். நம்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியில்லாதபடி தந்தது பிழை. ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு நிறத்தில் தயாரிப்பதால், நிறம் மாறியதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. மருந்தின் பொதுப்பெயர் (நிறுவனம் இடும் வணிகப்பெயர் அல்ல), மில்லிகிராம் அளவு, குளிசையின் வகை ஆகிய மூன்றும் துண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். வகையைக் குறிப்பிடக் காரணம் உண்டு. சலரோகக்காரர் பலர் எடுக்கும் மெற்போமினில் சாதாரணக் குளிசையும், மருந்தை மெதுவாக வெளிவிடும் குளிசையும் 500 மில்லிகிராமிலேயே கிடைக்கின்றன. இரண்டாவதை நசித்துக் கொடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் குளிசையைக் கரண்டியால் நசித்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கமாக இருக்கையில், உறையில் மருந்தின் பெயரே இல்லாமற் போவதைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

காலாவதித் திகதியும், ஒன்றாகத் தயாரான மருந்துகளுக்கு இடும் தொகுதி இலக்கமும் (batch number) பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால், ஏதேனும் ஒரு தொகுதியைச் சந்தையிலிருந்து மீளப் பெறும்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அறிவித்தாலும், தாயார் எடுப்பது அதுதானா என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே இயன்றவரை முழு அட்டையாக வாங்குங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எடுக்கும் முறை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவற்றை எழுதித் தரக் கேளுங்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம்.

எழுதித் தருபவர் யார் என்பதும் முக்கியம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது. வைத்தியரின் துண்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகள் பதிவு பெற்ற மருந்தாளரின் மேற்பார்வையிலேயே வழங்கப்பட வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தாளர் கடையில் இல்லாதிருப்பது ஆபத்தானது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொற்றெக்ஸேற் கிழமைக்கு ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும். துண்டில் அப்படி ஒரு தவறு இருந்தால், படித்த மருந்தாளர் மருந்தைக் கொடுக்காமல் வைத்தியரை அழைத்துக் கேட்பார். அந்தக் கடையின் போக்குத் தொடர்ந்தால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் உணவு மற்றும் மருந்துப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

கேள்வி: யாழ்ப்பாண நகரில் இன்சுலின் வாங்கிப் பருத்தித்துறைக்கு பஸ்ஸில் கொண்டு வருகிறேன். இந்த வெயிலில் பழுதாகாதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பஸ் பயணத்தை விட, அதற்கு முன் அந்த மருந்து கடையில் எப்படி இருந்தது என்பதே என் கவலை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கடையின் குளிர்சாதனப் பெட்டிக்குள் வெப்பமானி இருக்கிறதா, நாளுக்கு இரு முறை அளவு குறிக்கப்படுகிறதா, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். 2022இல் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட எங்களுக்கு இக்கேள்வி அளவுக்கு மிஞ்சியதல்ல. பெட்டிக்குள் சோடாப் போத்தலும் மருந்தும் சேர்ந்திருந்தால், கதவு எத்தனை முறை திறபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரப் பயணத்தால் இன்சுலின் கெடாது. ஆனால் வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் விடாதீர்கள். பனிக்கட்டியோடு நேரே ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பின்னும் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ளதை 30 பாகைக்குக் கீழே வைத்து, பெரும்பாலான வகைகளை ஏறக்குறைய 4 கிழமைகளுக்குள் முடிக்க வேண்டும்; உங்களுடையதற்கு உரிய காலத்தைப் பெட்டியிலுள்ள தாளில் பாருங்கள்.

குளிசைகளுக்கும் வெப்பமும் ஈரமும் ஆகாது. தகரக் கூரைக் கடையில் பகல் வெப்பமும், மாரிக்கால ஈரமும் சேர்ந்து அஸ்பிரினைச் சிதைக்கும். போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் வீசினால் அதை எடுக்காதீர்கள்.

கேள்வி: மீதியான குளிசைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: மீண்டும் விற்பதற்காக அவற்றை எடுக்காத கடையே நல்ல கடை. உங்கள் வீட்டில் அவை எந்த வெப்பத்தில் இருந்தன என்பதை யாரும் அறியார். மலசலகூடத்திலோ கிணற்றடியிலோ கொட்டவும் வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் குடிநீரும் கழிவும் வெகு தொலைவில் இல்லை. அட்டையிலிருந்து பிரித்து, ஊறிய தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டி, உள்ளூராட்சிக் குப்பை வண்டியில் சேருங்கள்.