வீட்டு நாஸுக்கு டிஸ்க் வாங்கி மாட்டுவது: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். வீட்டு நெட்வொர்க்கில் எந்நேரமும் ஓடும் சேமிப்புப் பெட்டி, அதாவது நாஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வந்ததில் பாதி 'எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?' என்றுதான் இருந்தது. மாடல் நம்பரையும், வீட்டில் கரன்ட் வரும் லட்சணத்தையும் பார்த்து முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்: அண்ணாச்சி, கல்யாண வீடியோ எல்லாம் சேர்த்து வைக்க இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் வாங்கியிருக்கிறேன். கடையில் 4 டிபி சாதா டிஸ்க் ஒரு விலை, நாஸ் டிஸ்க் அதைவிடக் கூட. உள்ளே இருப்பது ஒன்றுதானே?

ஒன்று இல்லை தம்பி. இரண்டு வித்தியாசம் இருக்கிறது.

முதலாவது, எழுதும் முறை. சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். எப்போதாவது ஒரு ஃபைல் போட்டு வைக்கிற யுஎஸ்பி டிஸ்க்கில் இது தெரியவே தெரியாது. டிஸ்க்குகளை ஜோடி சேர்த்து ஓட்டும் ரெய்டு முறையில் ஒரு டிஸ்க் பழுதாகிப் புதுசு மாட்டி, மொத்தத்தையும் திரும்ப எழுதும்போதுதான் வேகம் படுத்துவிடும். சில சமயம் பெட்டி அந்தப் புது டிஸ்க்கையே பழுது என்று தள்ளிவிடும்.

இரண்டாவது, பொறுமை. ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் சாதா டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். நாஸ் டிஸ்க் சுமார் 7 விநாடியில் 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அந்த இடத்தை ஜோடி டிஸ்க்கிலிருந்து பெட்டி எடுத்துக்கொள்ளும்.

பெயரை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. டபிள்யூடி ரெட் என்று நாஸுக்காகவே விற்றதில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020ல்தான் வெளியே வந்தது. மாடல் நம்பர் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் 4 டிபி அந்த வகை. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ரெட் பிளஸ், ரெட் புரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் எல்லாம் சிஎம்ஆர். சீகேட் பாரகுடாவில் 4 டிபி, 8 டிபி எஸ்எம்ஆர். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்றால் லேபிளைப் போட்டோ எடுத்து, கம்பெனி தளத்தில் மாடல் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

அயர்ன்வுல்ஃபும் ரெட் பிளஸும் 3 வருட வாரன்டி, புரோ வகைகள் 5 வருடம். உங்களுக்குப் புரோ வேண்டாம். மிச்சமாகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்குங்கள். எதற்கு என்று கீழே வருகிறது.

மேலப்பாளையத்திலிருந்து: மச்சான் துபாயிலிருந்து வருகிறார். அங்கே விலை குறைவு என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?

டிஸ்க் ஓடும். வாரன்டிதான் சந்தேகம். எந்த நாட்டில் விற்ற டிஸ்க்கோ அந்த வட்டாரத்துக்குத்தான் பெரும்பாலும் வாரன்டி. வாங்கும் முன் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கம்பெனி தளத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழுதானால் மச்சான் அடுத்த லீவுக்கு வரும்வரை காத்திருக்கத் தயார் என்றால் வாங்கலாம்.

வந்ததும் அது புதுசுதானா என்றும் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்ஜியமாக்கிப் புதுசு என்று விற்றது 2025 தொடக்கத்தில் பல நாடுகளில் பிடிபட்டது. பெரும்பாலும் அழித்தது ஸ்மார்ட் கணக்கை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே எண்களாகக் குறித்து வைக்கும் வழக்கமான பதிவை மட்டும்தான். சீகேட் தனியாக வைத்திருக்கும் 'ஃபார்ம்' பதிவில் உண்மையான மணிக்கணக்கு அப்படியே இருந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் அந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

பெருமாள்புரத்திலிருந்து: 4 டிபி வாங்கினேன், 3.63 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. சரியாகத்தான் இருக்கிறது.

வண்ணார்பேட்டையிலிருந்து: 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் வீட்டில் இருந்த நாஸ் முங்கிப் போனது. டிஸ்க் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா? இனிமேல் வாங்கினால் எப்படி வைக்க?

அந்த டிசம்பர் 17, 18ஐ யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரையேறி வீட்டுக்குள் வந்துவிட்டது.

டிஸ்க்குக்குக் கரன்ட் கொடுத்தே பார்க்காதீர்கள் அண்ணே. சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர வடிகட்டி வைத்த சிறு துளை உண்டு. அதன் வழியே சேற்றுத் தண்ணீர் போயிருந்தால், ஓட்டிய உடனே உள்ளே இருக்கும் தகட்டில் கீறல் விழும். அரிசியில் புதைப்பது, வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது எதுவும் வேண்டாம். நனைந்த புதிதில் என்றால் ஈரத்தோடே கவரில் மூடி அனுப்பியிருக்கலாம், காய்ந்தால் சேறு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இப்போதும் வழி அடைந்துபோகவில்லை. சென்னை, பெங்களூரில் தூசியில்லாத அறை வைத்து டேட்டா மீட்கும் நிறுவனங்களிடம் காட்டலாம். செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும், அதனால் பார்த்துச் சொல்ல மட்டும் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

இனிமேல் என்று கேட்டீர்களே, பெட்டியை மாடியில் வையுங்கள். ஆனால் மாடியில் வைத்தால் மட்டும் போதாது. ரெய்டு 1 என்று இரண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டா இருப்பதைப் பலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். ஒரு ஃபைலை நீங்கள் அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாக முங்கும். ஒரு டிஸ்க் பழுதாகும் அன்றைக்கு வேலை நிற்காமல் ஓடும், அதற்கு மட்டும்தான் ரெய்டு.

அம்பாசமுத்திரத்துத் தம்பியிடம் மூன்றாவது டிஸ்க் என்று சொன்னது இதற்குத்தான். அதை யுஎஸ்பி பெட்டியில் போட்டு, நாஸிலிருந்து நகல் எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் வைக்க வேண்டும். தென்காசி, கோவில்பட்டி, எங்கேயானாலும் சரி, ஆற்றங்கரை மட்டும் வேண்டாம். பொங்கல், தீபாவளி, கோயில் கொடை என்று எப்படியும் போக்குவரத்து இருக்கும், அப்போது கொண்டுவந்து புதுப்பித்துக்கொள்ளலாம். நெட் வழியே அனுப்பலாமே என்றால், 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 4 டிபி போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். முதல் நகலைக் கையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, புதிதாகச் சேருவதை மட்டும் நெட்டில் அனுப்புவதுதான் நடக்கிற காரியம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சர்: மாதாந்திர மின்தடை போக, மழைக்காலத்தில் கரன்ட் வருவதும் போவதுமாக இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதுமா சார்? நாஸ் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று வேறு இருக்கிறது.

சுருக்கென்பதை முதலில் பாருங்கள் டீச்சர். பழைய வீடாக இருந்தால் அந்த பாயின்டுக்கு எர்த் வந்திருக்காது. சுவிட்ச் போர்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதுக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை பெட்டியை ஓட்ட வேண்டாம்.

அறிவித்துச் செய்யும் மின்தடையால் டிஸ்க்குக்கு ஆபத்து குறைவு, காலையிலேயே முறையாக ஆஃப் செய்துவிடலாம். விட்டு விட்டு வரும் கரன்ட்தான் கெடுதல். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் போனால் ஃபைல் கணக்கு குழம்பிவிடும். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிக்குள் சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகும். உங்கள் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள். அதற்கும் மேலே, நாஸுக்கு மட்டும் 600 விஏ அளவில் யுஎஸ்பி வயர் உள்ள யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இரண்டு டிஸ்க் பெட்டி 15, 20 வாட்தான் இழுக்கும். பேட்டரி குறைந்தால் அந்த வயர் வழியே நாஸுக்குத் தகவல் போய், அதுவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். இன்வெர்ட்டர் பேட்டரி மேலே பெட்டியை வைக்காதீர்கள், ஆசிட் ஆவி டிஸ்க்கின் இணைப்பு முனைகளை எல்லாம் அரித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு இன்னொன்று. நெட்டுக்கு வரும் பைபர் கண்ணாடி இழை, அது கரன்ட் கடத்தாது. மொட்டை மாடிக் கேமராவிலிருந்து இறங்கும் லேன் வயர் கடத்தும். இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி வைக்கிறவர்கள் அப்போதே அந்த வயரையும் கழற்ற வேண்டும்.

உவரியிலிருந்து: ஒரு டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்த் திரும்ப வருகிறது. ஸ்மார்ட்டில் 199 என்ற எண் மட்டும் ஏறியிருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் வழியில் நேர்ந்த பிழை. கடற்கரை ஊர், உப்புக் காற்றில் இணைப்பு முனை கறுத்திருக்கும். ஆஃப் செய்து, கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவைத்து மாட்டுங்கள். கேபிள் இருக்கும் பெட்டியானால் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் சரி. நீங்கள் பயப்பட வேண்டியது டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197, 198 எண்களுக்குத்தான். அவை ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகல் எடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. அதையே நாஸ் ஆக்கினால் என்ன?

ஆக்கலாம், அதற்கான ஓப்பன்மீடியாவால்ட் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் 50 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட். 15 வாட் பெட்டி 22 யூனிட்டுக்குள் முடியும். உங்கள் பில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் யோசியுங்கள், அந்தக் கோட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும்.

தென்காசியிலிருந்து: பார்சல் இன்றைக்குத்தான் வந்தது. மாட்டும்போது என்ன கவனிக்க?

பிரிக்கும் முன் வீடியோ எடு. வெறும் குமிழ் கவரில் சுற்றி அனுப்பியிருந்தால், ஆட்டிப் பார்க்காமல் திருப்பி அனுப்பு. குற்றால சாரல் நேரத்தில் குளிர்ந்த பார்சலாக வந்தால் சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிரி, இல்லையென்றால் ஈரம் படியும். பச்சை போர்டைத் தொடாமல் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கு. ஸ்குரூவை முறுக்கித் தள்ளாதே. பெரிய கொள்ளளவு டிஸ்க் சிலவற்றில் நடுத்துளை இருக்காது, இருக்கும் துளைகளில் மாட்டினால் போதும். மாட்டியதும் டேட்டா போடாதே. ஸ்மார்ட் நீண்ட சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் 5, 197, 198 பூஜ்ஜியமாக இருந்தால் ஆரம்பி. ஓடும்போது பெட்டியை நகர்த்தக் கூடாது. கதவு மூடிய அலமாரியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலும் வைக்காதே, நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அது அடுப்பு. டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

ஒருவர்: நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் வேகமா, 5400 வேகமா?

7200. ஆனால் உங்கள் ஜிகாபிட் லேன் விநாடிக்கு 110 எம்பிக்கு மேல் விடாது, அதை 5400 டிஸ்க்கே தாண்டும். சூடும் சத்தமும் குறைந்ததை வாங்குங்கள்.

இன்னொருவர்: ஒரு 4 டிபி, ஒரு 8 டிபி இருக்கிறது. சேர்த்துப் போடலாமா?

போடலாம், 4 டிபிதான் கிடைக்கும். ஜோடியில் சின்னதுதான் கணக்கு.

மறுபடி அம்பாசமுத்திரம்: ஒருநாள் பீப் சத்தம் வந்தால் முதலில் என்ன செய்ய அண்ணாச்சி?

எதையும் பிடுங்காதே. பெட்டிக்குள் லாகின் செய்து எந்த டிஸ்க் என்று சீரியல் நம்பரோடு எழுதிக்கொள். அதற்காகத்தான் மாட்டும்போதே ஒவ்வொரு ட்ரேயிலும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வைக்கச் சொல்வேன். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வெளியூர் நகலுக்குப் பிறகு சேர்ந்த வேலைகளை யுஎஸ்பி டிஸ்க்கில் எடு, ஏனென்றால் அடுத்து வரும் மணிநேரங்களில்தான் மிச்சமிருக்கும் டிஸ்க்குக்குப் பாடு அதிகம். அதன் பிறகு அதே அளவோ பெரிதோ ஆன சிஎம்ஆர் டிஸ்க்கை மாட்டு. 4 டிபி திரும்ப எழுத ஒரு ராத்திரி ஆகலாம், அந்த ராத்திரி ஆல்பம் வேலை எதையும் அதில் ஓட்டாதே. பழுதானதை வாரன்டிக்கு அனுப்பும்போது அதில் ஊர்க் கல்யாணம் எல்லாம் இருக்கும், அதனால் முதல் நாளே நாஸில் என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாத பூட்டு, போட்டு வை.