ஈர மண்ணில் தாகத்தோடு நிற்கும் நாற்றுகள்

கேள்வி: குழித்தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நிழல்வலைக்குள் வளர்த்து, 30 நாள் ஆனதும் தோட்டத்தில் நட்டேன். தட்டில் பச்சைப்பசேல் என்று இருந்தவை நட்ட மூன்றாம் நாளே வாடத் தொடங்கின. காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தைப் பற்றிய கவலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வாடி நிற்கும் நாற்று ஒன்றைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுங்கள். தோட்டத்து மண்ணை உதிர்த்துவிட்டால், தட்டின் குழி எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில், தட்டில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பிய தென்னைநார்க் கழிவுக் கட்டி கையில் நிற்கும். அதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துப் பிழியுங்கள். ஒரு துளி நீர்கூடக் கசியாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தால், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சுற்றிலும் ஈரம், நடுவில் வறட்சி.

நட்ட முதல் வாரத்தில் நாற்றின் வேர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ளேயேதான் இருக்கின்றன. கட்டியில் இருக்கும் நீர்தான் அதற்குச் சொத்து. இலைகள் அதைச் சில மணி நேரத்தில் உறிஞ்சித் தீர்த்துவிடும். வேர் நிறைந்த கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி உள்வரை நனைய நேரம் பிடிக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அதன் ஓரமாக இறங்கி மண்ணுக்குள் போய்விடுகிறது. கட்டியின் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப் போல, அது உள்ளே இருக்கும் ஈரத்தையும் மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

ஆகவே அடுத்த நடவில், நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தட்டை முழுவதுமாக நனைத்துவிடுங்கள். கட்டியின் மேல் ஒரு விரல் பருமனுக்குத் தோட்டத்து மண் மூடியிருக்கும்படி நட்டு, சுற்றிலும் லேசாக அழுத்துங்கள். வேருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று தங்கக் கூடாது. முதல் ஐந்தாறு நாள்களுக்குப் பாத்தி முழுவதும் பாய்ச்சுவதைவிட, ஒவ்வொரு நாற்றின் தூரிலும் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் பலன் தரும். வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் நட்டவுடன் ஒன்று, மூன்றாம் நாள் செடி உயிர்பிடிக்க விடும் உயிர்த்தண்ணீர் ஒன்று என்ற வழக்கத்தை விட வேண்டாம்.

பிழிந்து பார்த்தபோது கட்டி சொதசொதவென்று இருந்தால் கதை வேறு. வேரை இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உரிந்து உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். களிமண்ணில் வேளைக்கு வேளை தண்ணீர் விட்டால் வேருக்கு மூச்சு முட்டி அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். செடி தரைமட்டத்தில் கத்தியால் வெட்டியதுபோல் சாய்ந்து கிடந்தால் நோயைத் தேட வேண்டாம். அதிகாலையில் அடிமண்ணை விரலால் கிளறுங்கள், சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு அகப்படும்.

இன்னொரு தவறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: நிழல்வலையிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். நிழலில் வளர்ந்த இலை மெலிந்தது, நீரைக் கட்டிக்காக்கத் தெரியாதது. நடவுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பிருந்தே தட்டுகளை வெளியே எடுத்துப் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், பிறகு அரை நாள், கடைசி இரண்டு நாள் முழு வெயில். கூடவே தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள்; வாடவிட வேண்டாம், மேல்பரப்பு காயட்டும். பழகிய நாற்றின் தண்டு கொஞ்சம் தடித்து, இலை கரும்பச்சையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். பார்க்க அழகில்லை என்று சிலர் வருந்துவார்கள். தளதளவென்று இருக்கும் நாற்றைவிட இந்த விறைத்த நாற்றுத்தான் எனக்குப் பிடிக்கும்.

வயதையும் மூன்றுக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். தக்காளிக்கு 25 நாள் போதும், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். தட்டிலேயே பூ எடுத்த நாற்று கிழவனாகிவிட்டது என்று பொருள். வேறு வழியில்லையென்றால் பூவைக் கிள்ளிவிட்டு நடலாம். அப்படிப்பட்ட நாற்றின் அடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை விரலால் லேசாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் போன பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆழத்தில் தக்காளிக்கு மட்டும் தனிச் சலுகை. அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிவரை புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்து புது வேர்கள் வரும். நெடுநெடுவென்று வளர்ந்த நாற்றைக் காப்பாற்ற இதுவே வழி. கத்தரியையும் மிளகாயையும், மேலே சொன்ன மண்மூடி தவிர, தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். ஒட்டுக்கட்டிய கத்தரி என்றால் ஒட்டு கண்டிப்பாக மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

நடும் வேளை பிற்பகல் நான்கு மணிக்கு மேல். மந்தாரமான நாள் வாய்த்தால் எந்நேரமும் நடலாம். நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொன்று துளிர்க்கும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

உரம் கேட்டீர்கள் அல்லவா? குழியில் நன்கு மட்கிய தொழு உரம் போதும். மட்காத சாணம் சூடேறி வேரைச் சுடும், வேர்ப்புழுவையும் கூட்டிவரும். யூரியாவைத் தூரில் போடுவது இப்போது விஷம் வைப்பதற்குச் சமம். புதிய இலை இரண்டு விரிந்த பிறகுதான் மேலுரத்தை, அதாவது நட்ட பிறகு இடும் உரத்தை, பற்றி நினைக்க வேண்டும்.

மிஞ்சியிருக்கும் செடிகளுக்கு நான்கு நாள்களாவது மேற்குப் பக்கம் ஓர் இலைக்கொத்தைச் செருகி நிழல் கொடுங்கள். நடுப்பகலில் தலை தொங்கினால் பதறி வாளியைத் தூக்க வேண்டாம். விடியற்காலையில் போய்ப் பாருங்கள்: இலை நிமிர்ந்திருந்தால் செடி தப்பித்துவிட்டது, அப்போதும் தொங்கினால்தான் அந்தத் தூருக்கு மட்டும் தண்ணீர். காய்ந்துபோன இடங்களில் பத்து நாளுக்குள் மாற்று நாற்று நட்டுவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் பக்கத்துச் செடியின் நிழலில் அது மேலேறாது.