வாசகர் கேள்வி பதில்: ஐம்பதைத் தாண்டி மோட்டார் பழகுகிறவர்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 53. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை செய்கிறேன். கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓட்டிய ஈஎக்ஸ்5 மோட்டார் வாசலில் சும்மா நிற்கிறது. பட்டணத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. சிறு வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழக்கினான். வண்டி இரண்டு தடவை என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்ததும், "அம்மா, உங்களுக்கு இது வராது" என்று சொல்லிவிட்டான். இந்த வயதில் பழக முடியுமா?
— வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: தாராளமாக முடியும். மகன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினாறு வயதில் யாரையும் கேட்காமல் ஏறி ஓட்டிப் பழகியவருக்கு, தம் கையும் காலும் என்ன செய்கின்றன என்பதை எடுத்துச் சொல்ல வராது. பெற்ற பிள்ளையும் கட்டிய கணவரும் மோட்டார் பழக்க ஏற்றவர்கள் அல்லர் என்பது, 46 வயதில் பழகத் தொடங்கி இருவரிடமும் திட்டு வாங்கிய என்னுடைய கருத்து.

சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கைப்பிடியைச் சற்றே திருப்பி நிமிர்த்துவதை உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டால் மறப்பதில்லை. மோட்டாரில் புதிதாக வருபவை மூன்றே: நூறு கிலோவை ஒட்டிய எடை, வேகம் கூட்ட முறுக்கும் வலது கை, கியர் மாற்றும் இடது கால்.

வண்டி பாய்ந்ததற்குக் காரணம் அந்த இடது காலாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் ஈஎக்ஸ்5 போன்ற சிறிய மோட்டாரை இங்கே கப்சாய் என்போம். கப்சாய் வண்டியில் கிளட்ச் பிடி இல்லாததால் கிளட்சே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கியர் மிதியே கிளட்சின் வேலையையும் செய்கிறது. மிதியை அழுத்தி வைத்திருக்கும்வரை எஞ்சினின் விசை பின்சக்கரத்துக்குப் போகாது. காலை எடுத்தவுடன் போய்ச் சேரும். பயத்தில் கால் மிதியை அழுத்தியபடியே இருக்க, வண்டி நகரவில்லையே என்று கை மேலும் முறுக்க, பிறகு கால் சட்டென்று விலகினால், அதுவரை வீணாக உறுமிக்கொண்டிருந்த விசை மொத்தமும் ஒரே கணத்தில் சக்கரத்துக்குப் போய், வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் துள்ளும். எனவே கை முழுவதும் தளர்ந்திருக்கும்போதே மிதியை அழுத்தி, காலை மெல்ல எடுத்து, வண்டி அமைதியாக நிற்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே முறுக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது வலது கை. நாம் அதிர்ச்சி அடையும்போது கையில் இருப்பதை இறுகப் பற்றிக்கொள்கிறோம். முழங்கை உயர்ந்து மணிக்கட்டு கீழே மடங்கியிருந்தால், அந்தப் பற்றுதலே முறுக்குதலாகிவிடும். முழங்கையைத் தாழ்த்தி, மணிக்கட்டை நேராக வைத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். அப்போது எவ்வளவு இறுகப் பற்றினாலும் வண்டி சீறாது.

முதல் மூன்று நாள் எஞ்சினையே முடுக்க வேண்டாம். தோட்டத்துத் திடலில் காலை வெயில் ஏறுமுன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்து, எந்த இடத்தில் எடை கையை மீறுகிறது என்று பாருங்கள். பிறகு மெல்லிய சரிவில் உட்கார்ந்து, இரு காலும் தரையைத் தொட்டபடி உருளவிட்டு, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் ஓட்டத் தெரிய வேண்டும். எஞ்சினை முடுக்கும் நாளில் முதல் கியர் போதும். அப்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல் கோல் கம்பத்தைப் பார்த்தே ஓட்டுங்கள். கண் போகும் இடத்துக்கு வண்டியும் போகும். திடலின் நடுவே தனியாக நிற்கும் ஒரே மரத்தில் பழகுகிறவர்கள் தேடிப் போய் மோதுவதும் அதனால்தான். நடை வேகத்தில் வண்டி ஆடினால் கலங்க வேண்டாம். மெதுவாக ஓட்டுவதே கடினம். கொஞ்சம் வேகம் வந்தால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும்.

கேள்வி: வயது 61. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துக்குள் மோட்டார் ஓட்டுகிறேன், உரிமம் எடுத்ததில்லை. இப்போது பட்டணத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இனிமேல் போய் வகுப்பில் உட்கார வேண்டுமா? மனைவியைக் கோவிலுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் போதும்.
— வாசகர், பீடோர்

பதில்: உட்காரத்தான் வேண்டும், ஐயா. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். அதைவிடப் பெரிய சங்கடம், விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும் என்பது. உங்களுக்கு வேண்டியது 250 சிசி வரையிலான பி2 உரிமம். அதற்குக் குறைந்தபட்ச வயது 16. கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. பேரப்பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள், அவர்களுக்கும் பொழுது போகும். எல் அட்டையோடு பழகும் காலத்தில் பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. ஆகவே அம்மா சிறிது காலம் கோவிலுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், மேலே எழுதிய வாசகியைவிட உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவருக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. செம்மண் பாதையில் முன்பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதால், தோட்டத்தில் ஓட்டிய பலர் காலால் பின்பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியிருக்கிறார்கள். தார்ச்சாலையில் அது ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரமே செய்கிறது. பாரம் குறைந்த பின்சக்கரம் இறுகி இழுபடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறோம், அதாவது பிரேக் பிடிக்க வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்குள்ளாகவே. வண்டி நேராக இருக்கும்போது முன்பிரேக்கை விரல்களால் படிப்படியாக அழுத்துவதையும் அதே நேரத்தில் பின்பிரேக்கை மெல்ல மிதிப்பதையும் தினம் பத்து முறை பழகுங்கள்.

பயிற்சித் திடலில் குறுகலான பலகை ஒன்று இருக்கும், 'தித்தி' என்பார்கள். அதன்மேல் அவசரப்படாமல், கீழே இறங்காமல் போக வேண்டும். இளைஞர்கள் தடுமாறும் அந்த இடத்தில் உங்களைப் போன்றவர்கள் சுலபமாகத் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். திரும்புமுன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க மறந்துதான் பெரியவர்கள் தேர்வில் தவறுகிறார்கள்.

கேள்வி: கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினால் சுலபம் இல்லையா?
— வாசகி, தாப்பா

பதில்: பட்டணத்துக்குள் மட்டும் என்றால் சுலபம்தான். ஆனால் குழியும் கல்லும் நிறைந்த பாதையில், ஸ்கூட்டரின் சிறிய சக்கரத்தைவிடக் கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் நன்றாகத் தாண்டும். உங்கள் வீட்டு வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: உரிமம் கிடைத்துவிட்டது, வயது 57. தோட்டத்துப் பாதை பெருஞ்சாலையில் சேரும் இடத்துக்கு வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. மழை நாளில் இன்னும் மோசம்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தப் படபடப்பு நியாயமானது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

செம்பனை லாரிகள் வெளியேறும் சந்திப்பில் மூன்று பொருள்கள் எப்போதும் கிடக்கும்: சக்கரங்களில் ஒட்டி வந்த செம்மண், குலையிலிருந்து உதிர்ந்த பழங்கள், அவை நசுங்கிய எண்ணெய்க் கறை. நான் ஒரு மழைக்காலத்தில் அப்படி ஓர் உதிரிப்பழத்தின்மேல் வளைந்தபடியே பிரேக் பிடித்து விழுந்தேன். வேகம் அதிகமில்லை, வலது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளையும்போது பிரேக்கைத் தொடாமல் போயிருந்தால் விழுந்திருக்க மாட்டேன். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சாலை மிகவும் வழுக்கும். அந்த நேரத்தில் எங்காவது ஒதுங்கித் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இரு திசை வாகனங்களையும் கடந்தாக வேண்டும். அதற்குத் துணிவு வரும்வரை இடப்பக்கம் திரும்பி, அடுத்த சமிக்ஞை விளக்கு வரை சென்று, அங்கே திரும்பி வாருங்கள். ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவருக்காக ஒருபோதும் நகராதீர்கள்.

கேள்வி: மாலை ஏழு மணிக்கு மேல் எதிர் விளக்கில் கண் கூசுகிறது. வயது 60. விட்டுவிடலாமா?
— வாசகர், சுங்காய்

பதில்: மோட்டாரை விட வேண்டாம், மாலை ஏழு மணியை விடுங்கள். வயது ஏற ஏறக் கண் இருட்டுக்குப் பழகத் தாமதமாகும். கண்புரை தொடங்கியிருந்தாலும் விளக்கைச் சுற்றி இப்படிச் சிதறல் தெரியும். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ சளிக்கோ மாத்திரை சாப்பிட்டால், தலைசுற்றலோ தூக்கமோ வருமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். என் கண் கூச்சத்தில் பாதி அதனோடு போய்விட்டது.